அது கண்டங்கத்தரி இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். குறிப்பாக 1984ல் என்னிடம் நாலாம் வகுப்பு படித்தவர்கள்.

போன வருடம் வீட்டுப் பின்பக்கம் பள்ளமாக இருக்கிறதென்று ஒரு லோடு மண் அடித்தோம். ஐப்பசி மழை முடிந்ததும் அதில் சாம்பல் பச்சையில் ஒரு செடி முளைத்தது. இலை ஓரமெல்லாம் முள், நரம்புகள் சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி வெள்ளை. முழங்கால் வலியால் நானும் அந்தப் பக்கம் போகவில்லை. தை பிறந்தபோது இடுப்பளவு வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. பார்க்க அழகுதான்.

மாசியில் ஒருநாள் பேத்தி சொப்புச் சாமானோடு ஓடி வந்தாள். "பாட்டி, கடுகு தாளிக்கலாமா?" சின்னக் கிண்ணம் நிறைய கறுப்பு விதை. அசல் கடுகேதான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. வாயில் போட்டாயா என்று பத்துத் தடவை கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

அந்தச் செடி பிரமதண்டு. குடியோட்டிப் பூண்டு என்றும் சொல்வார்கள். போட்டோ பார்த்த என் மகன் 'திஸில்' என்றான். முள்ளைப் பார்த்து அப்படித் தோன்றும். ஆனால் திஸில் சூரியகாந்திக் குடும்பம். இது கசகசாவுக்குச் சொந்தம், மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தது. தண்டை ஒடித்தால் மஞ்சள் பால் வரும், அதுதான் அடையாளம். காய் முற்றினால் நுனியில் வெடிக்கும். லேசாகத் தட்டினாலே விதை கொட்டும்.

இதன் எண்ணெய் சமையல் எண்ணெயில் கலந்தால் கால் வீங்கும், மூச்சு வாங்கும், இதயமும் கண்ணும் கெடும். 1998ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இது கலந்து 60 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நல்ல கடுகு வழவழவென்று உருண்டையாக இருக்கும். இந்த விதையை லென்ஸில் பார்த்தால் மேலே வலைபோலச் சொரசொரப்பாக இருக்கும். குழந்தை தின்றுவிட்டால் கைவைத்தியம் பார்க்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

இனி 1984க்கு வருகிறேன். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்து மூன்று வருடம். நான் டவுனில் வளர்ந்தவள், செடி கொடியெல்லாம் புத்தகத்தில் பார்த்ததோடு சரி. மைதானத்து ஓரம் நின்ற இதே செடியைக் காட்டி "இது கண்டங்கத்தரி" என்றேன். கடைசி வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "இல்ல டீச்சர், குடியோட்டி. கண்டங்கத்தரி தரையோட படரும், ஊதாப் பூ பூக்கும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தார்களா, என்னைப் பார்த்தா என்று இன்றுவரை தெரியாது. மணி அடிக்கும்வரை அவனை வெயிலில் நிற்க வைத்தேன்.

மதியம் சத்துணவு ஆயா மெதுவாகச் சொன்னார், "பையன் சொன்னதுதாம்மா சரி." அன்றைக்கே அவனைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். டீச்சர் தப்பு என்று ஒத்துக்கொண்டால் மரியாதை போய்விடும் என்று நினைத்தேன். மறுநாளும் சொல்லவில்லை. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கூடத்தை விட்டே நின்றுவிட்டான். ஆடு மேய்க்க அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். வீட்டுக் கஷ்டம்தான் காரணம். இருந்தாலும் அந்த வெயில் என் மனதைவிட்டுப் போகவில்லை.

பிடுங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு உதவும். முதலில் காய்களை நறுக்கிச் சாக்குக்குள் போட்டுக் கட்டினேன். அதைச் செய்யாமல் செடியை இழுத்தால் நாமே விதைத்த மாதிரி ஆகிவிடும். பிறகு தண்ணீர் விட்டு மண்ணை ஊறவைத்து, தடித்த கையுறை போட்டு வேரோடு இழுத்தேன். காயோடு இருந்ததை எருக்குழியில் போடவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி களைக்கொல்லி அடிக்கலாம் என்றார். கீரைப் பாத்தி பக்கத்திலேயே இருக்கிறது, வேண்டாம் என்றுவிட்டேன். விழுந்த விதை சும்மா இருக்குமா? தண்ணீர் விட்டால் இன்னும் முளைக்கிறது. ஞாயிறுதோறும் நாலு இலை விடும்போதே கிள்ளிவிடுகிறேன். பேத்தி 'பாட்டியோட எதிரி' என்று எண்ணிச் சொல்வாள். போன வாரம் 11.

பெயரை இங்கே எழுதவில்லை, அவனுக்குச் சங்கடமாக இருக்கலாம். அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு யாரென்று தெரியும். இப்போது ஐம்பது வயது இருக்கும். யாரிடமாவது அவன் நம்பர் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். டீச்சர் பேச வேண்டுமாம் என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லவும்.