அரபு எழுத்தில் உறையும் தமிழ்

இராமநாதபுரத்திற்குத் தெற்கே, கடலோரத்தில் அமைந்தது கீழக்கரை. அங்கு செல்லும் வாசகர்கள், திராவிடக் கட்டடக்கலையில் கருங்கல்லால் எழுந்த பழைய ஜும்ஆப் பள்ளிவாசலின் தூண்களைக் கண்டு வியப்பதுண்டு. கல்லில் கண்ட அவ்விணைவை எழுத்திலும் காணலாம்; அதுவே அரபுத்தமிழ்.

மொழி தமிழ், எழுத்தோ அரபு. அரபியில் இல்லாத ப, ட, ழ முதலிய ஒலிகளுக்குப் புள்ளியிட்டுப் புதிய எழுத்துக்களை நம் முன்னோர் ஆக்கினர். இவ்வூரில் அடங்கியுள்ள மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) மார்க்க நூல்களை இவ்வெழுத்தில் இயற்றினார். தமிழ்ப் பள்ளிக்கூடம் சென்றறியாத பெண்களும், குர்ஆன் ஓதக் கற்றிருந்தமையால் இதனைப் படித்தனர். கடல் கடந்து வணிகம் செய்த கணவருக்கு மடலும் வரைந்தனர்.

அம்மடல்களை இன்று பேரப்பிள்ளைகளால் வாசிக்க இயலவில்லை. அவர்கள் கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் தமிழ் எழுதுகின்றனர். பிற எழுத்தில் தமிழ் எழுதுவது நமக்குப் புதிதன்று. ஆயின் முன்னோர் ழகரத்திற்கெனத் தனியெழுத்துக் கண்டனர். கைப்பேசியிலோ பலமும் பழமும் பாலமும் ஒரே வடிவாகிவிடுவதுண்டு.

வாசகர்களே! வீட்டுப் பரணில் அரபுத்தமிழ் ஏடு கிடைப்பின் பழைய காகிதத்தோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வாசிக்கத் தெரிந்த மூத்தவர் உள்ளபோதே, பிள்ளைகளை அருகில் அமர்த்திப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.