பம்பலோனாக் கோட்டையின் பிடிவாதக்காரர்

போர்முனையில் பகைவன் எங்கே நிற்கிறான் என்பது படைவீரனுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவன் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறான் என்பதுதான் பல வேளைகளில் தெரிவதில்லை. ஊரில் பிடிக்காத அண்டைவீட்டாருக்கு முகங்கொடாமலே காலத்தை ஓட்டிவிடலாம். அலுவலகத்தில் மாற்றல் கேட்கலாம். படையிலோ உடன் நிற்பவரைத் தெரிந்தெடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. ஒரே பாசறை, ஒரே சமையற்கூடம், மாறி மாறிக் காவல். ஆபத்து வரும்போது அவனுடைய கைதான் நம்மைத் தூக்கவேண்டும். மேலதிகாரி அநீதி இழைத்தால் முறையிட 1950-ஆம் ஆண்டுத் தரைப்படைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு வழிசெய்கிறது. பொய்க் குற்றம் சுமத்துவோரைத் தண்டிக்க 56-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால், பல ஆண்டுகளாக நெஞ்சில் கிடந்து உறுத்தும் ஒரு சொல்லுக்கு எந்தச் சட்டத்தில் பிரிவு உண்டு?

நம் பங்கில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். அவரோடு ஒரே கம்பெனியில் பணியாற்றிய இன்னொருவரும் இதே பங்கைச் சேர்ந்தவரே. இருவரும் ஹவில்தார்களாக இருந்த காலத்தில் உணவுப்பொருள் கணக்கு ஒன்றைப் பற்றி மற்றவர் ஏதோ சொல்லிவிட, விசாரணை நடந்தது. குற்றமில்லை என்று தீர்ந்தது. ஆயினும் அவ்வாண்டுப் பதவி உயர்வு மற்றவருக்குப் போயிற்று. இது நடந்து இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் இவர் முதற்பூசைக்கு வருகிறார். அவர் இரண்டாம் பூசைக்கு. சமாதான வாழ்த்துக் கூறும் நேரத்தில் எதிர்ப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக இவரே வகுத்துக்கொண்ட ஏற்பாடு அது!

சென்ற ஆண்டு பங்குப்பேரவையினர் சிலரோடு செண்பகனூருக்கு ஞானஒடுக்கத்திற்குப் போனபோது அவரையும் அழைத்துச் சென்றோம். வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் சாலையில், கொடைக்கானலுக்குச் சற்று முன்னே, 1895-இல் இயேசு சபையார் நிறுவிய திருஇருதயக் கல்லூரி இருக்கிறது. மறையறிஞர்கள் பலரை உருவாக்கிய அவ்வீட்டை எழுப்பியவர்கள் பிரெஞ்சுக் குருக்கள். அவர்களுடைய சபைத் தந்தையாகிய இஞ்ஞாசியாரின் காலை முறித்ததும் ஒரு பிரெஞ்சுப் பீரங்கிக் குண்டே. வரலாற்றுக்கு இப்படியும் ஒரு நகைச்சுவை உண்டு.

அந்தக் குண்டின் கதையை நாம் எல்லாரும் அறிவோம். 1521-ஆம் ஆண்டு மே மாதம், பம்பலோனா. குண்டு பாய்கிறது, வீரர் விழுகிறார், புனிதர் எழுகிறார். மறையுரைகளில் இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். குண்டு பாய்வதற்கு முன்பு கோட்டைக்குள் நடந்த வாக்குவாதத்தை எவரும் பேசுவதில்லை. நகரத்தார் பணிந்துவிட்டனர். கோட்டைக்குள் இருந்தவர்களோ மிகச் சிலர். இனித் தாக்குப்பிடிக்க இயலாது, உயிருக்கு உறுதி பெற்றுச் சரணடைவதே தக்கது என்று உள்ளிருந்த வீரர் யாவரும் கருதினர். ஒருவர் மட்டும் மறுத்தார். காரணத்தின்மேல் காரணம் அடுக்கிக் கோட்டைத் தலைவரின் மனத்தை மாற்றினார். மற்றவர்களும் அவருடைய துணிவைக் கண்டு ஊக்கம் பெற்றனர். அவர் அடிபட்டு விழுந்ததும் கோட்டை பணிந்தது. இதை நமக்குச் சொன்னவர் வேறு யாருமல்லர். 1553 முதல் 1555 வரை கொன்சால்வெஸ் தா காமரா அடிகளாரிடம் தம் வரலாற்றைக் கூறிய இஞ்ஞாசியாரே. மற்ற எல்லாரும் வேறு விதமாக எண்ணினர் என்பதை அவர் மறைக்கவில்லை.

ஆகவே, அந்தக் கோட்டையில் உடன்பணியாளர்க்குத் தொல்லையாய் இருந்தவர் யார் என்று கேட்டால், நாம் யாரைச் சுட்டவேண்டும்? சுபேதார் தயங்கவேயில்லை. “கோட்டைத் தலைவர் முதலில் நினைத்ததுதான் சாமி சரி. போதிய ஆளில்லாமல் கோட்டையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது? இப்படி ஒருவர் கம்பெனியில் இருந்தால் எதிரியைவிட அவரைக் கண்டுதான் எங்களுக்குப் பயம்” என்றார். வீரத்தையும் வீண்பெருமையையும் பிரித்தறிவது போர்க்களத்தில் எளிதன்று. அன்றைய இஞ்ஞாசியாரிடம் இரண்டும் கலந்தே இருந்தன என்பது நம் எண்ணம். ஒட்டவைத்த காலில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தால் அழகிய மிதியடி அணிய முடியாதே என்று அதை அறுக்கச் சொன்னவர் அல்லவா அவர்!

எனினும் நம்மை நிற்கவைப்பது வேறொரு செய்தி. தாக்குதல் தொடங்கும் நாளில் அவர் தம் படைத்தோழர் ஒருவரிடம் பாவங்களை அறிக்கையிட்டார். குரு இல்லாத ஆபத்து வேளையில் பொதுநிலையினர் ஒருவரிடம் பாவங்களைச் சொல்லும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. புனித தோமா அக்குவினாரும் அதனைப் பற்றி எழுதியிருக்கிறார். குரு வழங்கும் பாவமன்னிப்புக்கு அது ஈடாகாது. ஆயினும் மனத்தாழ்மைக்கு அதைவிடக் கடினமான பயிற்சி உண்டோ? ‘சரணடைவோம்’ என்று சொன்னவர்களுள் ஒருவர்தாம் அந்தத் தோழர். தம் சொல்லை வெட்டிப் பேசியவர் இப்போது தம் முன்னே பணிந்து நிற்கிறார், அவரும் செவிகொடுக்கிறார். நாளை விடியுமுன் இருவருமே மடிந்துபோகலாம்.

பிற்காலத்தில் இஞ்ஞாசியார் எழுதிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலின் 22-ஆம் பத்தியில், பிறர் சொல்லுக்கு நல்ல பொருள் கொள்ளவே முந்தவேண்டும், இயலாவிடில் அவர் அதனை எப்படிக் கருதுகிறார் என்று கேட்கவேண்டும் என்கிறார். இதை அவர் ஏட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1529-இல் பாரிசில் புனித பார்பரா கல்லூரியில் ஒரே அறையில் வாழ வாய்த்தவர் சவேரியார். 1521-ஆம் ஆண்டுப் போரில் எதிரணியில் நின்ற குடும்பம் அவருடையது. தொடக்கத்தில் இஞ்ஞாசியாரை அவர் மதிக்கவேயில்லை. இவரோ அவரது வகுப்புக்கு மாணவர்களைச் சேர்த்துவிட்டார். கையில் பணமில்லாதபோது உதவினார். ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பொறுமை வீணாகியிருந்தால், 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர் வேறு யாராகவோ இருந்திருப்பார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சுபேதார், சவேரியாரைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “பாவசங்கீர்த்தனம் கேட்ட அந்தத் தோழர் பெயர் என்ன சாமி?” என்றார். தன்வரலாற்றில் அப்பெயர் இல்லை என்றோம். “பெயரைச் சொல்லாமல் விட்டுவிட்டாரே” என்று குறைப்பட்டுக்கொண்டு, பள்ளத்தாக்கிலிருந்து ஏறிவந்த மேகத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு, “வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்கு வருகிறேன்” என்றார்.

சொன்னபடியே வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தார். மற்றவர் வழக்கம்போல் முன்னே இருந்தார். சமாதான வாழ்த்துக் கூறியபோது இருவருக்கும் இடையே பத்து வரிசைகள் இருந்தன.