பழைய கம்பியூட்டரும் தவறிப்போகாத பாடங்களும்

கொரோனா காலத்தில் எங்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்த ரெக்கோர்டிங் கம்பியூட்டரைப் பற்றி இன்னும் சிலர் கேட்கிறார்கள். இன்பொக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதை விட இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2020 மார்ச் 13இல் பாடசாலைகள் மூடப்பட்டன. சூம், வட்ஸ்அப் என்று வகுப்புகள் தொடங்கின. ஆனால் நம் ஊரில் எத்தனை வீட்டில் பிள்ளைக்கென்று தனியாக ஒரு போன் இருந்தது? இருந்த ஒன்றும் வாப்பாவின் கையில். அந்த நேரத்தில் நேத்ரா டிவியில் தமிழ் மொழிமூலப் பாடங்கள் போனது பெரிய உதவி. என்ன செய்ய, டிவி யாருக்காகவும் காத்திருக்காது. உம்மாவோடு சேர்ந்து இடியப்பம் அவித்துக் கொடுக்கும் தரம் 11 மாணவி ஒருத்தி கேட்டாள்: "சேர், திரிகோண கணிதம் போயிட்டு. இனி எப்ப போடுவாங்க?" என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

தேவைப்பட்டவை பெரிய சாமான்கள் இல்லை. வீட்டில் தூசி பிடித்துக் கிடந்த கோர் 2 டுவோ கம்பியூட்டர் ஒன்று. அதற்குள் செருகும் பழைய டிவி டியூனர் கார்ட் ஒன்று. வாங்கும்போது இரண்டு விஷயம் பார்த்தேன். நம் நாட்டு அன்டனா ஒளிபரப்பு பால் முறை, அதை அது பிடிக்க வேண்டும். படத்தை எம்பெக்-2 ஆகச் சுருக்கும் வேலையையும் கார்டே செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய புரொசசர் திணறும், படம் விட்டு விட்டு ஓடும். பதிவு செய்ய நெக்ஸ்ட்பிவிஆர் என்ற இலவச மென்பொருள் போட்டேன். நம் அலைவரிசைகளுக்கு நிகழ்ச்சி அட்டவணை தானாக வராது. அதனால் நாள், நேரம் எல்லாம் கையால்தான் கொடுக்க வேண்டும். தொடங்க 2 நிமிடம் முந்தியும் முடிய 10 நிமிடம் பிந்தியும் வைப்பது நல்லது.

இனிப் பழுதுகளுக்கு வருவோம்.

முதலாவது, படம் முழுக்கப் புள்ளி. கார்ட் பழுது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அன்டனா வயரின் நுனியைக் கழற்றிப் பார்த்தால் செம்பு பச்சை பிடித்துக் கிடந்தது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று செய்யும் வேலை இது. ஓர் அங்குலம் வெட்டிவிட்டுப் புதுக் கனெக்டர் போட்டதும் பாதி சரி. மீதிப் பாதி ஸ்ப்ளிட்டர். ஒரு அன்டனாவை இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் பாதிச் சிக்னல்தான் போகும். வயரை நேரே கம்பியூட்டருக்குக் கொடுத்து, அங்கிருந்து விஜிஏ வயரில் டிவிக்கு எடுத்தேன். படம் தெளிந்தது.

இரண்டாவது, நீளமான பதிவுகள் எல்லாம் ஒன்றரை மணித்தியாலம் தாண்டியதும் நின்றுவிடும். ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரே இடத்தில். கணக்குப் போட்டுப் பார்த்ததும் விளங்கியது. செக்கனுக்கு 6 மெகாபிட் என்றால் மணித்தியாலத்துக்கு 2.7 ஜிபி. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32 முறையில் இருந்தது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் வளர முடியாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றியதோடு அந்தப் பழுது போனது. கடையில் வாங்கும் பென்டிரைவ்களில் பலதும் ஃபேட்32 தான். ஆகவே ஒவ்வொரு பாடத்தையும் தனிக் கோப்பாகப் பதிவு செய்து கொடுத்தேன்.

மூன்றாவதுதான் ஆளைச் சுற்றவிட்டது. கரண்ட் போய் வந்த நாட்களில் எந்தப் பாடமும் பதிவாகவில்லை. மதர்போர்டில் சிஆர்2032 என்று ஒரு ரூபாய் நாணயம் மாதிரி பற்றரி இருக்கும். அது செத்திருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் கடிகாரம் பல வருடம் பின்னுக்குப் போய்விடும். கம்பியூட்டர் பாவம், பாட நேரம் இன்னும் வரவில்லை என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது! பற்றரியை மாற்றினேன். பயோஸில் கரண்ட் வந்ததும் தானாக ஓன் ஆகும்படி வைத்தேன். விண்டோஸ் பவர் செட்டிங்கில் தூக்கத்திலிருந்து நேரத்துக்கு எழும்ப அனுமதி கொடுத்தேன். அதற்குப் பிறகு அது எங்களை ஏமாற்றியது குறைவு.

2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டிய காலத்தில் எந்த செட்டிங்கும் உதவாது. ஆனால் வெட்டு எழுத்துக் குழுக்களாகப் பிரித்துத்தானே நடந்தது? பக்கத்து ஊரில் சக ஆசிரியர் ஒருவரும் இதே மாதிரி ஒன்று செய்திருந்தார். எங்களுக்கு இருட்டான நேரத்தில் அவருக்குக் கரண்ட் இருக்கும். அவர் பதிவு செய்ததை நான் எடுப்பேன், நான் பதிவு செய்ததை அவர் எடுப்பார்.

பாடம் பென்டிரைவில் போய் வீட்டு டிவிடி பிளேயரில் ஓடியது. இடியப்ப வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அந்தப் பிள்ளை பார்த்தாள். ஒரே கணக்கை நான்கு தடவை பின்னுக்கு இழுத்துப் பார்த்ததாகச் சொன்னாள். எனக்குப் பட்டது இதுதான்: 40 பேர் இருக்கும் வகுப்பில் நான்காவது தடவை "விளங்கல்ல சேர்" என்று சொல்ல எந்தப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்? அந்த மெஷின் சலிக்காமல் திரும்பச் சொன்னது, யாரும் சிரிக்கவும் இல்லை. அதைப் பார்த்த பிறகு நான் வகுப்பில் கேட்கும் விதமும் மாறிவிட்டது. "விளங்கினதா?" என்று கேட்பதில்லை. "எந்த இடத்தில இருந்து திரும்பச் சொல்ல?" என்று கேட்கிறேன்.

ஆகவே பெற்றோர்களே, பழைய கம்பியூட்டரை இரும்புக் கடைக்குப் போட முதல் ஒரு தடவை யோசியுங்கள். பழுது என்றால் வயர் நுனி, டிஸ்க் முறை, பற்றரி, இந்த வரிசையில் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் கமெண்டில் எழுதுங்கள். பின்னேரத்தில் வந்து பார்த்துத் தருகிறேன். தேத்தண்ணி மட்டும் போதும்.