வற்றாப்பளை: அசையா நீரின் கரையில்

முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்குப் போகிற வீதியில் வயலும் பனையும் கூடவே வரும். கண்ணகி அம்மன் கோயிலடியில் இறங்கியதும் பார்வை தானாகவே நீர்ப்பக்கம் போய்விடும். நந்திக்கடல். பேரில்தான் கடல், உண்மையில் களப்பு. மாரியில் பெருகி வட்டுவாகல் பக்கமாக முகத்துவாரம் திறந்தால் பெருங்கடலோடு சேரும். கோடையில் கரை பின்வாங்கி ஓரத்துச் சேறு வெடித்துக் கிடக்கும். வெயில் ஏறுமுன் போய் நின்றால் வானம் எங்கே முடிகிறது, நீர் எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. தூரத்தில் இடுப்பளவு தண்ணீரில் யாராவது ஒருவர் வீச்சு வலையோடு நிற்பார். அவரும் அசையமாட்டார்.

இந்தக் கரைக்கு வரும்போதெல்லாம் பெல்ஜியத்துக் குறியீட்டு ஓவியர் பெர்னான் க்னோப்ஃபை (1858–1921) நினைத்துக்கொள்வேன். ஆர்டென் காட்டுப் பகுதியில் ஃபொசே என்றொரு சிற்றூர். அங்கே அவர் குடும்பத்துக்கு ஒரு வீடு இருந்தது. அந்த ஊரையும் சுற்றுப்புறத்தையும் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். 1894 அளவில் வரைந்த ‘அசையா நீர்’ இன்று வியன்னாவின் பெல்வெடேர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு குளம், கரையில் மரங்கள், நீரில் அவற்றின் நிழல். ஆளில்லை. ஆனாலும் இங்கே என்னவோ நடந்திருக்கிறது என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வற்றாப்பளையில் அந்த என்னவோவுக்குக் கதை உண்டு. மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் இது, பத்தாம்பளைதான் வற்றாப்பளை ஆயிற்று என்பார்கள். மாடு மேய்த்த பிள்ளைகளிடம் கிழவியாக வந்தாளாம். பசிக்கு அவர்கள் புக்கை பொங்கினார்கள். பொழுதுபட்டது; விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் தண்ணியை அள்ளி ஊத்துங்கோ என்றாள். எரிந்தது. தலை கடிக்குது, பேன் பாருங்கோ என்றாள். மயிரைப் பிரித்த பிள்ளைகள் கண்டது தலை நிறையக் கண்கள். பிறகு அவளைக் காணவில்லை.

வைகாசிப் பொங்கல் இந்தக் கதையைத்தான் ஆண்டுதோறும் மறுபடி நடத்துகிறது. சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் அந்த உப்புநீரால் விளக்கேற்றுவார்கள். பின்பு அது வற்றாப்பளைக்கு வரும். விசாகத்தை ஒட்டிய திங்களன்று வளந்து வைத்துப் பொங்குவார்கள். வன்னி முழுவதும் அங்கே திரண்டிருக்கும்.

2009இல் போரின் கடைசி நாட்களும் வைகாசியில்தான் வந்தன. இந்தக் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, முள்ளிவாய்க்காலில். சனம் வட்டுவாகல் பாலத்தாலும் தண்ணீருக்குள் இறங்கியும் கடந்து வந்தது. அந்த நாட்களை வரைந்த படங்களில் நான் பார்த்தவற்றில் பெரும்பாலும் தீயும் புகையுமே இருந்தன. அவை தேவையான சாட்சிகள். ஆனால் வலைக்காரர் நிற்கும் இந்த வெறும் நீரை மட்டும் ஒருவர் வரைய வேண்டும் என்று நான் நெடுநாளாக ஆசைப்படுகிறேன். ஊர்க்காரர் அந்தப் படத்தின் முன்னால் பேசாமல் நிற்பார்கள். அவர்களுக்கு விளக்கக் குறிப்பு வேண்டாம்.

பொங்கலுக்கு வருபவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தங்குங்கள். செவ்வாய் விடிய, கரி பிடித்த அடுப்புக் கற்களுக்கு நடுவால் மாடுகள் தரவைக்கு இறங்கிப் போகும்.