வின்ஸ்டனின் உத்தியோகம்

ஜார்ஜ் ஆர்வெல் 1949-ஆம் வருஷம் வெளியிட்ட ‘1984’ என்ற நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் சுவருக்குச் சுவர் முறைத்துப் பார்க்கும் பெரியண்ணனின் முகத்தையே ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கடலூரில் காகிதக் கட்டுகளுக்கு நடுவே ஆயுளில் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, இப்போது தேவனாம்பட்டினத்து மணலில் மாலை வேளைகளைப் போக்கும் எனக்கோ, அந்தச் சர்வாதிகாரியைக் காட்டிலும், அவனுடைய சர்க்காரில் சம்பளம் வாங்கிக்கொண்டே அவனை வெறுக்கிற வின்ஸ்டன் ஸ்மித் என்ற குமாஸ்தாவே ஓயாத தொல்லையாக இருக்கிறான்.

அவன் உத்தியோகம் விசித்திரமானது. தலைவரின் வாக்கு எதுவும் பொய்த்துப்போனதாகத் தெரியக் கூடாதென்பதற்காக, பழைய பத்திரிகைகளைத் திருத்தி மறுபடி அச்சிடச் செய்து, மூலப் பிரதியை நெருப்புக்கு அனுப்ப வேண்டும். ஒருநாள், பதவி இழந்து மறைந்துபோன ஒருவனைத் தலைவர் எப்போதோ பாராட்டிய பேச்சு அவன் மேஜைக்கு வருகிறது. அந்த மனிதனை அப்புறப்படுத்திவிட்டு, பிறக்கவே பிறக்காத ஓகில்வி என்ற வீரனைச் சிருஷ்டித்து, அவனுக்கு ஒரு பால்யத்தையும் யுத்தகள மரணத்தையும் கொடுத்துக் காரியத்தை முடிக்கிறான் வின்ஸ்டன். அதில் அவனுக்கு ஏற்படும் ஆனந்தம் இருக்கிறதே, அதுதான் என்னை உறங்கவிடாதது. அவன் வாழ்க்கையின் மிகப் பெரிய சுகம் அவனுடைய வேலைதான் என்பதை ஆசிரியர் ஒளிக்கவில்லை. இரவில் சத்தியத்துக்காக ஏங்கித் திருட்டுத்தனமாக நாட்குறிப்பு எழுதும் அதே கை, பகலில் பொய்யை ஒரு தேர்ந்த சிற்பியின் சிரத்தையோடு செதுக்குகிறது.

சிதம்பரத்திலிருந்து அவ்வப்போது வந்துபோகும் நண்பர் ஒருவர், “வயிற்றுப் பிழைப்பு ஸ்வாமி, அவன் என்ன செய்வான்?” என்று வாதாடுவார். வயிற்றுக்காகச் செய்கிறவன் கடனே என்று செய்துவிட்டுப் போவானல்லவா? மேலும், கட்சியை எதிர்க்கும் ரகசியச் சங்கத்தில் சேர்வதாக எண்ணி, கட்சியின் மேல்மட்டத்து அதிகாரியான ஓ’பிரையன் முன் பிரமாணம் செய்யும்போது, ஒரு குழந்தையின் முகத்தில் திராவகம் வீசவும் தயார் என்று சொல்லுகிறவன் அவன். பின்னர் சிறையில் அந்தப் பிரமாணத்தின் குரல் பதிவையே அவனுக்குத் திருப்பிப் போட்டுக் காட்டுகிறார்கள்.

இப்படிப்பட்ட பாத்திரம் வெறும் கற்பனையில் பிறந்ததாக எனக்குத் தோன்றவில்லை. பீஹாரிலுள்ள மோதிஹாரியில் 1903-இல், அபினி இலாகா உத்தியோகஸ்தர் ஒருவரின் பிள்ளையாகப் பிறந்த ஆர்வெல், 1922 முதல் 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தார். சாம்ராஜ்யத்தை மனத்தில் சபித்துக்கொண்டே அதன் தடியைக் கையில் தாங்கினார். தாம் ஒரு யானையைச் சுட்டதைப் பற்றி எழுதி 1936-இல் வெளிவந்த கட்டுரையில், மௌல்மேனில் மதம்பிடித்த யானை மிதித்துக் கொன்ற கூலியாளைத் திராவிடன் என்றும், கொரிங்கிக்காரன் என்றும் எழுதுகிறார். கொரிங்கி என்பது நம் சோழமண்டலக் கரையிலேயே, காக்கிநாடாவுக்கு அருகிலுள்ள பழைய துறைமுகம். அந்த ஏழை செத்ததால் யானையைச் சுட்டது சட்டப்படி நியாயமாயிற்று என்று பின்னால் தாம் சந்தோஷப்பட்டதாகவும் அவரே ஒப்புக்கொள்கிறார். வின்ஸ்டனின் வித்து இங்கேதான் விழுந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வின்ஸ்டனைப் போன்ற ஒருவனை எங்கள் ஊரிலும் தேடிப் பார்க்கலாம். கெடிலம் கடலைச் சேரும் இடத்துக்கருகே சிதைந்து நிற்கும் செயிண்ட் டேவிட் கோட்டையை, 1690-இல் மராட்டியரிடம் கிரயம் வாங்கிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த எல்லை வரையில் உள்ள கிராமங்கள் எல்லாம் தங்களுடையவை என்று கொண்டார்கள். அவற்றுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்றே பெயர். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினான். சுட்டவனைப் பற்றி அதிகம் யோசிப்பதற்கில்லை. குண்டு விழுந்த இடத்தைப் பார்த்து வந்து, ஊர்ப் பெயர்களைப் பிழையின்றி வரிசையாக எழுதிக்கொண்ட யாரோ ஒரு கணக்கனும் இருந்திருப்பான் அல்லவா? தன் கையெழுத்தின் அழகைப் பார்த்து அவனும் மகிழ்ந்திருக்கலாம்.

நாவலில் வின்ஸ்டனை வதைக்கிறார்கள். எலிக்கூண்டைக் காட்டி, காதலி ஜூலியாவையே காட்டிக்கொடுக்க வைக்கிறார்கள். அத்தனையும் அவன் நாட்குறிப்பு எழுதியதற்கும், காதலித்ததற்கும், எதிர்க்கத் துணிந்ததற்கும்! ஓகில்வியைப் படைத்த குற்றத்துக்காக அவனை எவரும் விசாரிப்பதில்லை. அவனும் தன்னை விசாரித்துக்கொள்வதில்லை. விடுதலையான பிறகு அவனுக்கு வேறொரு வேலை கிடைக்கிறது: காற்புள்ளியை அடைப்புக் குறிக்கு உள்ளே போடுவதா, வெளியே போடுவதா என்று ஆராயும் உபகமிட்டி ஒன்றில் அங்கத்தினர் பதவி. எப்போதாவது போனால் போதும்; சம்பளமும் முன்னைவிட அதிகம்.