கண்டும் காணாதவர்

"கண்டும் காணாதவர்போலப் போய்விட்டார்" என்று ஒருவரைக் குறித்து நீங்கள் எத்தனை முறை மனம் நொந்திருப்பீர்கள்! ஊரைவிட்டு வந்து பெருநகரில் பிழைக்கும் நமக்கு இந்த வருத்தம் சற்று அதிகம். அறிந்த முகங்களே குறைவான இடத்தில், அறிந்த முகம் ஒன்று திரும்பாமல் போனால் நெஞ்சு தாங்குவதில்லை.

ஆனால், கண் திறந்திருந்தால் மனிதன் கண்டுவிட்டான் என்று பொருளா? 1999-இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சிறிய படத்தைப் பலருக்குக் காட்டினார்கள். வெள்ளைச் சட்டைக்காரர் மூவரும் கறுப்புச் சட்டைக்காரர் மூவரும் தத்தம் அணிக்குள் பந்தை மாற்றிக்கொள்வார்கள். பார்ப்பவர் ஓர் அணியின் பந்து மாற்றங்களை மட்டும் எண்ண வேண்டும். நடுவில் கொரில்லா வேடமிட்ட பெண்ணொருத்தி அவர்களுக்கிடையே நடந்து போவாள். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு அவள் தென்படவேயில்லை! வெள்ளையை எண்ணியவர்களே அதிகமாகத் தவறவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். கறுப்பை ஒதுக்கத் தீர்மானித்த மனம், கறுப்பாய் வந்த அனைத்தையும் சேர்த்தே ஒதுக்கிவிட்டது.

இது பழக்கமில்லாதவர்களின் குறை என்று எண்ணவேண்டாம். 2013-இல் வெளியான ஆய்வொன்றில், கதிரியக்க மருத்துவர்கள் 24 பேரிடம் நுரையீரல் படங்களைக் கொடுத்துக் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். கட்டியின் சராசரி அளவைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் அப்படங்களில் பதிக்கப்பட்டிருந்தது. 20 பேர் அதைக் காணவில்லை. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை அந்த உருவத்தின்மீதே விழுந்திருந்ததைக் கருவி காட்டிக்கொடுத்தது. வாழ்நாளெல்லாம் படம் பார்த்த கண்கள்!

மும்பையில் எனக்குத் தெரிந்த இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையின்றி இருக்கின்றன. இரண்டும் திருநெல்வேலிப் பக்கம். தாதர் நிலைய நடைமேம்பாலத்தில், மாலை நெரிசலில், ஒருவர் எதிரே வர, மற்றவர் நின்று பேசாமல் கடந்து போனாராம். "என் கண்ணைப் பார்த்தார் அண்ணாச்சி, பார்த்துவிட்டுத்தான் போனார்" என்று புண்பட்டவர் என்னிடம் சொன்னார். மகளின் நிச்சயதார்த்தத்திற்கு அந்த வீட்டுக்கு அழைப்புப் போகவில்லை. மற்றவரோ, விரைவு வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதைத் தவிர அந்தப் பாலத்தில் தாம் எதையும் தேடுவதில்லை என்கிறார். வேண்டுமென்றே முகந்திருப்புகிறவர்களும் உண்டு, இல்லையென்று நான் சொல்லவில்லை. இவரை நான் நம்புகிறேன்.

புண்பட்டவரிடம் அந்தக் கொரில்லாவைப் பற்றிச் சொன்னேன். சிரித்தார், ஆனால் இறங்கவில்லை. "பெயர் சொல்லிக் கூப்பிட்டீர்களா?" என்று கேட்டேன். வேறு பேச்சில் காதைச் செலுத்தியிருப்பவருக்கும் தம் பெயர் சிலவேளை எட்டிவிடும் என்பதை 1959-இல் நெவில் மோரே என்பவர் சோதித்துக் காட்டினார். அதுவும் மூவரில் ஒருவருக்கே எட்டியது; ஆகவே ஒருமுறை கூப்பிட்டால் போதாது.

அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். "அவர் முதலில் கூப்பிடட்டும் என்று இருந்துவிட்டேன்" என்றார். கலியாணப் பத்திரிகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. பெயர்ப் பட்டியலை அவர் மனைவி எழுதிக்கொண்டிருக்கிறார்.