தீயுது சரி... எது தீயுது?

"கார்ல ஏதோ தீயுற வாசனை வருதுங்க"ன்னு ஒர்க்‌ஷாப்ல போய் சொல்லிப் பாருங்க. ஓட்டிக்கூடப் பார்க்காம "கிளட்ச் போச்சு சார்"னு பதில் வரும். எனக்கும் அதான் வந்துச்சு. கூடவே பன்னெண்டாயிரம் ரூபாய் எஸ்டிமேட். அடுத்த வாரம் வண்டியை விடுங்கன்னு தேதியும் குடுத்தாங்க. (ஒர்க்‌ஷாப் பேரு வேணாம், பிழைச்சுப் போகட்டும்.)

கிளட்ச்சுக்கு ஒண்ணும் ஆகலைங்க. நிஜமான கோளாறைக் கண்டுபிடிச்சது ஸ்கேனரும் இல்ல, கம்ப்யூட்டரும் இல்ல. ரிட்டயர் ஆன ஒரு மூக்கு. எங்க மாமனார் மூக்கு.

மாமா அம்பத்தூர் எஸ்டேட்ல பிரேக் லைனிங் செய்யுற இடத்துல இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். வெளியூர் மக்களுக்காக ஒரு சின்ன விளக்கம். பாடியில லூகாஸ் டிவிஎஸ் 1961ல, பிரேக்ஸ் இந்தியா 1962ல ஆரம்பிச்சது. அம்பத்தூர் எஸ்டேட் 1964ல வந்துச்சு. ரானே பிரேக் லைனிங்கும் அங்கதான். ஆவடியில டாங்கியே செய்யுறாங்க. வண்டியை ஓட வைக்கிற சாமானும் நிறுத்துற சாமானும் செஞ்சே சோறு சாப்பிட்ட ஏரியா சார் இது!

இப்ப மேட்டருக்கு வர்றேன். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை, திருமுல்லைவாயில்ல இருந்து பூந்தமல்லியில ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினோம். நான், தங்கமணி, ரெண்டு வாண்டுங்க, மாமா. ஆவடி செக்போஸ்ட் தாண்டி, பருத்திப்பட்டு பக்கம் ரோடு காலியா கிடந்துச்சு. அப்ப வந்துச்சு அந்த வாசனை.

"மாப்ள, ஓரங்கட்டுங்க."

"ஒர்க்‌ஷாப்ல கிளட்ச்சுன்னு சொல்லிருக்காங்க மாமா."

"கிளட்ச் பிளேட்டும் பிரேக் பேடும் ஒரே மாதிரி சரக்குதான் மாப்ள. ரெண்டையும் கெட்டியாப் பிடிச்சு வைக்கிறது ரெசின். சூடேறினா ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே நாத்தம். ஆனா பத்து நிமிஷமா நீங்க கிளட்ச்ல கால் வைக்கவே இல்லையே?"

ஆடிப் போயிட்டேன். கரெக்ட்டுதானே? கிளட்ச் தீயுற வாசனை நெரிசல்ல, பாலம் ஏறும்போது, பாதி கிளட்ச்ல நகரும்போது வரும். கிளட்ச் வழுக்கினா எஞ்சின் சத்தம் ஏறும், வண்டி வேகம் ஏறாது. எங்களுக்கு ரெண்டும் இல்ல.

மாமா இறங்கி நாலு சக்கரத்துக்கிட்டயும் உள்ளங்கையைக் காட்டினார். தொடலை, சும்மா பக்கத்துல. மூணு சக்கரம் சாதாரணம். முன்னாடி இடது பக்கம் தோசைக்கல்லு மாதிரி அனல். காலை எடுத்த பிறகும் அந்தப் பிரேக் விடாமப் பிடிச்சுக்கிட்டே வந்திருக்கு.

தண்ணி ஊத்தலாமான்னு கேட்டேன். கூடாதாம். கொதிக்கிற டிஸ்க்குல தண்ணி பட்டா டிஸ்க் கோணிக்கும், விரிசலும் விடலாம்.

மாமா அடுத்துக் கேட்டதுதான் வயித்தைக் கலக்குச்சு. "பெடல் எப்படி இருக்கு?" அமுக்கினேன். வழக்கத்தை விட ஆழமாப் போச்சு, பஞ்சு மாதிரி.

பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதுசா இருந்தா கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி. ஈரம் ஏறிட்டா 140 வரைக்கும் இறங்கலாம். டாட் 4ல அதே கணக்கு 230, 155. ஆயில் கொதிச்சா உள்ள ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அப்புறம் எவ்வளவு மிதிச்சாலும் வண்டி நிக்காது. பின் சீட்டுல ரெண்டு வாண்டுங்க. இதுல "அடுத்த வாரம் கிளட்ச் மாத்திக்கலாம்"!

குடும்பத்தை ஆட்டோவுல கல்யாணத்துக்கு அனுப்பிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துட்டு அம்பத்தூர் ஓ.டி. பக்கம் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட போனேன். ஜாக்கி போட்டுத் தூக்கினா சக்கரம் கையால சுத்தலை. பிரேக் லைன்ல பிரஷரை விட ஒரு நிப்பிள் இருக்குமில்ல, அதைத் திறந்தார். உடனே சக்கரம் விட்டிருந்தா கோளாறு ஹோஸ்லயோ மேல மாஸ்டர் சிலிண்டர்லயோ. விடலை. அப்ப கோளாறு காலிப்பர்லயேதான். கழட்டினா காலிப்பர் நகர்ற பின்னு ரெண்டும் துருப்பிடிச்சு இறுகிக் கிடந்துச்சு. ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு. உள்பக்கப் பேடு அரைஞ்சு தகடா, வெளிப்பக்கம் பாதிக்கு மேல மிச்சம்.

துரு எங்கிருந்து? 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல். எங்க தெருவுல ரெண்டு நாள் பாதி சக்கரம் வரைக்கும் தண்ணி. அப்புறம் எஞ்சின், சீட்டு, கார்ப்பெட் எல்லாம் பார்த்தாங்க. சக்கரத்துக்குள்ள யாரும் பார்க்கலை.

பின்னைச் சுத்தம் பண்ணி, பிரேக்குக்குன்னே இருக்குற சிலிக்கான் கிரீஸ் வச்சு (சாதா கிரீஸ் ரப்பரை ஊத வச்சிடும்), புது உறை, முன்னாடி ரெண்டு பக்கமும் புதுப் பேடு, புது ஆயில். மொத்தம் மூவாயிரத்து இருநூறு.

மாமா சொன்ன மூக்குப் பாடம், உங்களுக்கும்:

1. பிளாஸ்டிக், ரப்பர் தீயுற வாசனை: வயரிங். உடனே நிறுத்தி, சாவியை அணைச்சு, எல்லாரும் இறங்குங்க. எங்க ஏரியாவுல பாதி நேரம் எலி கடிச்ச வயர்தான்.
2. எண்ணெய் கருகுற வாசனை: எஞ்சின் ஆயில் கசிஞ்சு சூடான புகைக்குழாய் மேல சொட்டுது.
3. இனிப்பா ஒரு வாசனை: கூலன்ட் கசிவு. டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்க. சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.
4. காரமா, மூக்கைக் குத்துற வாசனை: கிளட்ச் அல்லது பிரேக். எப்ப வருதுன்னு கவனிங்க, எந்தச் சக்கரம் சுடுதுன்னு பாருங்க.

மெக்கானிக்கிட்ட "தீயுற வாசனை"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எப்ப, எந்தப் பக்கம், எது மாதிரின்னு சொல்லுங்க. மழைத்தண்ணியில நின்ன வண்டின்னா, சக்கரத்தைக் கழட்டிப் பிரேக்கையும் பார்க்கச் சொல்லுங்க.

டிஸ்கி: கல்யாணச் சாப்பாடு போச்சேன்னு மாமாவுக்கு இன்னமும் வருத்தம்தான். உங்க வண்டியில என்ன தீஞ்சுதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க, அவருக்குப் படிச்சுக் காட்டுறேன்.